கிட்டங்கிக்காரி

அவளுடைய செருப்பு இரண்டும் ஒருநாளும் ஒரே இடத்தில் கிடந்ததில்லை. ஒன்று மேசைக்கு அடியில் கிடக்கும்; மற்றது ஜன்னல் ஓரம் கிடக்கும். உட்கார்ந்தால் அவளுக்குக் கால் ஆடும். ஆடுகிற ஆட்டத்தில் ஒரு செருப்பு கழன்று போகும். கழன்றது தெரியாமல் எழுந்து நடப்பாள். நடக்கிற வழியில் அடுத்ததும் போகும். வாரியலோடு பின்னால் போகிற நான் இரண்டையும் எடுத்து வாசலில் சோடியாக வைப்பேன். அரை மணி கழித்துப் பார்த்தால் மறுபடி ஆளுக்கொரு திசையில் கிடக்கும்.

அவள் பெயரை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெயருக்குப் பல பேர் இருப்பதால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன். அதில் அவள் பெயரையும் கொண்டுவந்து போட எனக்கு மனசில்லை.

சொந்த வீடில்லாத கூலிக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கிற சங்கம் ஒன்று கோவில்பட்டியில் இருந்தது. ஊருக்கு வெளியே காட்டை வாங்கி வரிசையாக வீடு கட்டினார்கள். வீடு கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறையப் பேர். அதனால் விண்ணப்பம் வாங்கி, கடைசியில் குலுக்கல் போட்டுக் கொடுப்பதாக ஏற்பாடு. விண்ணப்பம் முழுக்கக் கம்ப்யூட்டர் வழியாகத்தான். அந்த ஏற்பாட்டை உண்டாக்கி, அது படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வைப்பது என் வேலை. அதற்கு முன்னால் முப்பது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள் நான். கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வைத்தவள் இல்லை.

அவள் வந்த புதிதில் ஒருநாள் கேட்டேன்.

"என்ன வேல தாயி ஒனக்கு? நாள் பூரா எழுதுத. ஒரு பேப்பரையும் காணோமே?"

"கடைக்கு முன்னாடி பலக, தராசு, யாவாரம் எல்லாம் தெரியும்லா ஆச்சி? பின்னாடி கிட்டங்கி இருக்கும். எந்த மூட யாருக்கு, எங்கன அடுக்கணும், எலி கடிச்சிருக்கா, தண்ணி எறங்குதான்னு ஒருத்தி பாக்கணும்லா? நான் கிட்டங்கிக்காரி."

"கிட்டங்கி எங்கன இருக்கு? இந்தப் பொட்டிக்குள்ளயா?"

"இங்கன இல்ல. பம்பாய்ப் பக்கம் எங்கயோ ஒரு பெரிய மிஷினு. அதுல ஒரு மூல நமக்கு. வாடகைக்குத்தான்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீடு கேட்டு எழுதுன மனுவே வாடக வீட்டுலதான் குடியிருக்கா? வெளங்குனாப்லதான்!"

அவளும் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள் போனை எடுத்துப் பார்த்தாள்.

"எதுக்கும் ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன்." ஒரு நாளைக்கு இதை எத்தனை முறை சொல்வாள் என்று கணக்கு இல்லை. டீயைக் கையில் கொடுத்தால் சொல்வாள். டீ ஆடை கட்டிக் கிடக்கும். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சொல்வாள். பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் எங்கோ போகும். பிறகு ஆளும் போவாள். சங்கத்தில் கணக்கு எழுதுகிற கிளார்க்கு அவளைக் கூப்பிடுவதே "ஏலே, பாத்துட்டு வந்துருதேன் வந்தாச்சா?" என்றுதான். பொம்பளைப் பிள்ளையை ஏலே போட்டுக் கூப்பிடுகிற கேலி. அவள் கண்டுகொள்ள மாட்டாள்.

கயத்தாற்றில் அவள் அக்கா கல்யாணம். என்னைக் கூப்பிட்டிருந்தாள், போனேன். முதல் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை அவளுக்கு. சாம்பார் சோறு முடிந்து ரசம் வருகிற நேரம், அவள் இடது கை மடியில் இருக்கிற போனைத் தடவியது. எழுந்துவிட்டாள்.

எதிர்ப் பந்தியில் இருந்த அவள் தாய்மாமா சத்தம் போட்டார். "ஏட்டி, எலயில உக்காந்துட்டு பாதியில எந்திரிக்கலாமா? மாப்ள வீட்டுக்காரவிய பாக்காவ."

"ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன் மாமா."

"என்னத்தப் பாக்கப் போற? பொண்ணு ஓடிட்டான்னு நெனப்பாவட்டி!"

மண்டபத்துக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கிற இடம். ஒரு லாரியின் முன் பம்பரில் கம்ப்யூட்டரை விரித்து வைத்து, பட்டுச் சேலையை முழங்கால் வரை செருகிக்கொண்டு நின்றாள். எங்கோ பம்பாயில் ஒரு பெட்டி மூச்சை நிறுத்திவிட்டதாம். டிரைவர்கள் டீயும் கையுமாக வேடிக்கை பார்த்தார்கள். அவள் திரும்பி வந்தபோது இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். "ரசம் போயிட்டா ஆச்சி?" என்று என்னைக் கேட்டாள், அது பஸ் என்பது போல.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் அன்றன்றைக்கு வந்த விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தனியாக வைப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் இதற்காகவே வருவாள். சங்கத்துச் செயலாளருக்கு இது வேடிக்கை.

"நேத்து எடுத்த நகலு கெட்டாம்மா போச்சு? மோரா அது, புளிக்க?"

"நேத்துள்ளது கெடாது அண்ணாச்சி. இன்னைக்குள்ளதுதான் கெடும்."

அவர் சிரித்துக்கொண்டே போவார். அவள் சிரிக்காமல் நகல் எடுப்பாள்.

இப்போது அந்தப் பொத்தான் கதையைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தின் கடைசியில் 'சமர்ப்பிக்கவும்' என்று ஒரு பொத்தான் உண்டு. எங்கள் ஊர்ப்பக்கம் சிக்னல் ஒழுங்காக இருக்காது. அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஜனங்களுக்குப் பொறுமை ஏது? கோயில் மணி அடிப்பது போல் அடிப்பார்கள். மணியாச்சிக்காரர் ஒருவர் விரல் வலிக்க வலிக்க அடித்ததில் அவருடைய ஒரு விண்ணப்பம் பதினாலாக வந்து விழுந்தது. அப்படியே விட்டால் குலுக்கலில் அவருக்குப் பதினாலு சீட்டு.

நாலு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அடையாள அட்டையைப் படமாகத்தான் வாங்கினார்கள், அதன் நம்பரை மிஷின் வாசிக்காது. பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் தெருவும் ஒன்றாக இருந்தால் அது ஒரே ஆள். மிஷின் பழையதை அழித்துவிட்டு, கடைசியாக வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, முன்பு கொடுத்த அதே நம்பரைத் திரும்பவும் கொடுக்கும். அன்றைக்கு எல்லோருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தாள்.

"இனி எத்தன தடவ அடிச்சாலும் ஒரு ஆளு ஒரு ஆளுதான் ஆச்சி."

நானும் ஒரு கை சேவு வாங்கித் தின்றேன்.

என் அப்பா பேச்சியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர். பிறக்கிற பெண்ணுக்கெல்லாம் அவள் பெயர்தான் என்று நேர்ச்சை. நான் பெரிய பேச்சி. என் தங்கச்சி சின்னப் பேச்சி. நடுவில் ஒருத்தி இருந்து மூன்று வயதில் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் இது அதிசயம் இல்லை. ஒரே வீட்டில் பெரியவன், நடுவுலான், சின்னவன் என்று மூன்று கருப்பசாமி இருப்பார்கள். அடையாள அட்டை எடுக்க வந்தவன் பெரிய, சின்ன எல்லாம் செல்லப்பேர் என்று விட்டுவிட்டு, இருவருக்கும் பேச்சியம்மாள் என்றே அடித்துவிட்டான். கட்டினவன் எங்கள் இருவருக்குமே நிலைக்காததால் தகப்பன் பெயர்தான் இருவருக்கும். பிறந்த நாள் தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று. வருஷமாவது வேறாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வயது கேட்டபோது நான் நாலு வயதைக் குறைத்துச் சொன்னேன். இதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. சின்னவள் உள்ளதைச் சொன்னாள். இரண்டும் ஒரே வருஷத்தில் போய் விழுந்தது.

நாங்கள் இருவரும் ஒரே வாடகை அறையில் இருந்தோம். ரேஷன் கார்டு தனித்தனி. ஆகையால் இருவருமே விண்ணப்பம் போடலாம். அறைக்காரர் இடத்தை விற்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு மத்தியானம் சங்கத்திலேயே கிளார்க்கு முன்னால் உட்கார்ந்து முதலில் நான் போட்டேன். கால் மணி கழித்துச் சின்னவள் போட்டாள். ஆளுக்கொரு சீட்டு வந்தது. இரண்டிலும் ஒரே நம்பர்.

"பாத்தியாட்டி? அப்பன் ஒண்ணுன்னு மிஷினுக்கே தெரிஞ்சிருக்கு!" என்றேன் சின்னவளிடம்.

கடைசித் தேதி முடிந்தது. மறுவாரம் கிட்டங்கிக்காரியின் மேசைக்கு அடியில் கூட்டிக்கொண்டிருந்தபோது இதை ஒரு பெருமையாகத்தான் அவளிடம் சொன்னேன். "நீ செஞ்ச மிஷினு கெட்டிக்காரிதான் தாயி. அக்கா தங்கச்சிக்கு ஒரே நம்பர் போட்டுக் கொடுத்துருக்கு."

அவள் கால் நின்றது.

குனிந்திருந்த எனக்கு முதலில் தெரிந்தது அதுதான். இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த கால். நிமிர்ந்து பார்த்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. "சீட்டு கையில இருக்கா ஆச்சி?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று நாள் அவள் டீ குடிக்கவில்லை. ஒரு நோட்டில் பெயர் பெயராக எழுதினாள். மூன்றாம் நாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

"ஆச்சி, உங்க மனு உள்ள இல்ல. உங்க தங்கச்சி போட்டதும் உங்களுதை அழிச்சிட்டு. ரெண்டு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிட்டு. தப்பு என்னுதுதான்."

"நகலு எடுப்பியே?"

"சாயந்தரம்தான் எடுப்பேன். வேற வேற நாளுல போட்டவங்கள அதுல இருந்து எடுத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே மத்தியானம் போட்டீங்க. உங்கள மாதிரி ஒரே நாளுல போட்டவங்க மனு எந்த நகலுலயும் இல்ல."

எனக்கு அப்போதும் பெரிதாகப் படவில்லை. "அதுக்கென்ன? கிட்டங்கிச் சாவி ஒங்கிட்டதான் இருக்கு? என்னை ஒனக்குத் தெரியாதா? பின்னாடி இருந்து என் பேர எழுதிரு."

"எழுத முடியும் ஆச்சி. எழுத மாட்டேன்."

"ஏன்?"

"உங்க போட்டோ, அட்ட, கையெழுத்து ஒண்ணும் அங்க இல்ல. இல்லாததை நான் எழுதினா, நாளைக்கு இருக்கதையும் நாந்தான் எழுதினேன்னு சொல்லுவாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுங்க. ஒரே நம்பரு ரெண்டு தடவ போன எடத்தையெல்லாம் பாத்து, இன்னும் எத்தன பேருன்னு எண்ணி முடிச்சிட்டு செயலாளர்ட்ட போறேன். மனு போடுத முன்பக்கத்தத் திரும்பத் தொறக்கச் சொல்லுதேன். பாதியில போனா நோட்டுல இருக்கவங்களுக்கு மட்டும் தொறந்துட்டு மத்தவங்கள விட்டுருவாவ. அதுவரைக்கும் யார்ட்டயும் சொல்லாதீங்க."

நான் எதற்கும் பறக்கிற ஆள் இல்லை. சோறு தின்ன ஒரு மணி நேரம் ஆகும் எனக்கு. ஆனால் அந்த 'மாட்டேன்' என் நெஞ்சுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. இவள் செருப்பைச் சோடி சேர்த்து வைத்தவள் நான். என்னைப் பார்த்து, முகத்துக்கு நேரே, மாட்டேன். அன்றைக்கு வீட்டில் சின்னவள் வேறு, "அப்ப ஒனக்கு இல்லையாக்கா? எனக்கு விழுந்தா நீயும் வந்து இரு, என்ன," என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். நான் ஒருத்தி வீட்டில் வந்து இருக்கிறவளா?

புதன்கிழமை செயலாளர் அறைக்குள் போனேன். வாரியல் இல்லாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பிள்ள என் மனுவ அழிச்சிட்டு. கேட்டா, போட முடியும், ஆனா மாட்டேங்கா."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். கிளார்க்கைக் கூப்பிட்டு நான் சொல்வதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதி வாசித்துக் காட்டினார்கள். 'கேட்டும் மறுத்துவிட்டார்' என்று இருந்தது. வெள்ளிக்கிழமை வரை பொறுக்கச் சொன்னது அதில் இல்லை. நானும் சொல்லவில்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். என்னைத் தங்கச்சியென்று இனி எவனும் நினைக்கக் கூடாது என்கிற ஆத்திரத்தில் 'பெரிய பேச்சியம்மாள்' என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டேன்.

அன்று மத்தியானமே அவளைக் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"எத்தன நாளா மறச்சு வச்சிருக்க?"

"மறைக்கல அண்ணாச்சி. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

"என்னத்த எண்ணுத? சங்கம் பேரு சந்தி சிரிக்கட்டும்னா?"

அவள் நோட்டை மேசையில் வைத்தாள். அதுவரை கண்டுபிடித்த பெயர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர்கள் இன்னும் பார்க்கவில்லை, இரண்டு நாள் கொடுங்கள் என்றாள். அவர் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அவள் போய்விட்டாள். அன்றைக்கு நகல் எடுக்க ஆள் இல்லை.

மதுரையிலிருந்து புதிதாக ஒருவர் வந்தார். நிதானமான மனுஷன், உட்கார்ந்தால் பிள்ளையார் மாதிரி இருப்பார். டீ சூடாகவே குடிப்பார். "சிஸ்டம்ல குறை ஒண்ணும் இல்ல சார்," என்றார். நோட்டில் இருந்த பெயர்களை மட்டும் பலகையில் ஒட்டி, பத்து நாளுக்குள் திரும்ப விண்ணப்பம் போடலாம் என்று அறிவித்தார்கள். முதல் நாளே போட்டேன். அந்த ஒரே ஆள் கணக்கை மதுரைக்காரர் எடுத்துவிட்டிருந்ததால் வேறு நம்பர் வந்தது.

அந்த நம்பருக்கு வீடு விழவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குலுக்கலில் சின்னவளுக்கு விழுந்தது. அவள் வீட்டில்தான் இப்போது இருக்கிறேன். கரிசல் மண் கோடைக்கு ஒரு வெடிப்பு, மழைக்கு ஒரு வீக்கம் என்று தரையைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறது. "ஒங்க வீட்டுத் தரை வெடிச்சிருக்குட்டி," என்பேன். "ஒங்க வீடா? நம்ம வீடுக்கா," என்பாள் அவள். நான் திருத்திச் சொல்வதில்லை.

இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தப் பத்து நாளில் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வேலைக்குப் போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். தோளில் பை, கையில் புது நோட்டு. பஸ் வந்து நின்ற பிறகும் கீழே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஆச்சி! நம்பர் வேற வந்துச்சா?"

"வந்துட்டு. எங்க தாயி கெளம்பிட்ட?"

"ஓட்டப்பிடாரம் பக்கம். மிச்ச ஊரு. பத்து நாளுக்குள்ள பேரும் சீட்டுமா கொண்டுபோயி நீட்டுனா, பலகையில சேக்காம இருக்க முடியாதுல்லா."

"உள்ள போய்ப் பாக்கத்தான் ஒன்ன விட மாட்டாவளே."

"அதான் வெளிய போய்ப் பாக்கேன்."

சம்பளம் இல்லை, அனுப்பியது யாரும் இல்லை. இவள் இறங்கிப் போய் வீடு வீடாகக் கேட்கப்போகிறாள். அந்த இடத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நாந்தான் தாயி செயலாளர்ட்ட சொன்னேன்."

"தெரியும் ஆச்சி. பேப்பரக் காட்டுனாவ." பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "கையெழுத்துல பெரியன்னு போட்டிருந்தீங்க. இனி எங்க போட்டாலும் அப்படியே போடுங்க."

கோபமா, குத்தலா, இல்லை வேலை விஷயமாகவே சொன்னாளா என்று முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அவள் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"ஊருக்குள்ள எங்கிட்டப் பேரே சொல்ல மாட்டேங்காவ ஆச்சி. நோட்டப் பாத்ததும் லோன்காரி வந்துட்டான்னு கதவச் சாத்துதாவ. நேத்து முழுக்க நடந்தும் ரெண்டே வீடுதான்."

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் ஏறினாள். நான் கீழே நின்றேன். பஸ் நகர்ந்து, பத்தடி போயிருக்கும்.

"ஏய், நிறுத்துப்பா!" என்று கத்தினேன். அந்த வயதில் ஓடி ஏறினேன். சங்கத்தில் அன்றைக்குக் குப்பை கிடந்தால் கிடக்கட்டும்.

இறங்கின முதல் ஊரில் வயதானவர் ஒருவர் வேலி ஓரம் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். நோட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "லோனெல்லாம் முடிச்சாச்சு. நடையக் கட்டுங்க."

"லோனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றேன். "வீட்டு மனு போட்டீரா அண்ணாச்சி?"

"போட்டேன்."

"பேரு?"

"கருப்பசாமி."

"பெரியவரா, சின்னவரா?"

அவர் முகம் இளகியது. "நடுவுலான். பெரியவன் ஆட்டோட போயிருக்கான். சின்னவன் உள்ள காச்சல்ல கெடக்கான். அவியளத் தெரியுமா ஒங்களுக்கு?"

"மூணு பேரும் போட்டீயளா?"

"ஒரே நாளுல போயிப் போட்டுட்டு வந்தோம்." இடுப்புப் பையைத் தடவி, நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்தார். "இந்தா. அட்டையில மூணு பேருக்கும் ஒரே வயசப் போட்டுட்டான்; இதுலயும் மூணுக்கும் ஒரே நம்பருதான். எதுக்கு மூணுன்னு ரெண்டக் கிழிச்சிப் போட்டுட்டோம்."

சீட்டில் வரிசை நம்பர் மட்டும்தான் இருந்தது. பெரியவன், சின்னவன் ஒன்றும் இல்லை. அவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன், எதுவும் பெசகா?"

"என் பெசகுதான் அண்ணாச்சி. இன்னும் நாலு நாளு இருக்கு," என்றாள் அவள். கட்டில் எடுத்துப் போட அவர் திரும்புவதற்குள் அந்தக் கரிசல் தரையிலேயே உட்கார்ந்து, நோட்டை மடியில் விரித்தாள்.

"மூத்தவர்ல இருந்து சொல்லுங்க."